பூட்டிய வீட்டுக்குள் ஒரு தவிப்பு!

"நாய்க்கு என்னங்க... ரெண்டு வேளை சோத்தைப் போட்டா, வீட்டைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கும்!"

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வார்த்தை காதில் விழும். சொல்பவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. சோறு வைக்க ஆள் போட்டு, அதற்குச் சம்பளமும் கொடுப்பவர்கள்தான். ஆனால், தாங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு அந்த நாய் வீட்டுக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதை அவர்கள் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? அவர்கள் அங்கே இல்லை என்பதுதானே விஷயமே!

இந்த வட்டாரத்து வீடுகளின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லைக் கதவு. நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்தாலே கால் கடுக்கும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பொங்கலுக்கு, கோயில் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு என்று நாற்பது பேர் வந்து இறங்குவார்கள். வீடு ஜேஜே என்று இருக்கும். நாய்க்குத் தலைகால் புரியாது. தூக்கிக் கொஞ்ச ஒரு குழந்தை, பந்து எறிய ஒரு பையன், சாப்பாட்டு வேளையில் திருட்டுத்தனமாக அப்பளம் போட ஒரு பாட்டி! நாலாம் நாள் வாசலில் வேன் வந்து நிற்கும். அன்று சாயங்காலம் வளவில் ஒரு ஆள் கிடையாது. 'அடுத்த தை மாதம் வருவோம்' என்று அதற்கு யார் காலண்டரைக் காட்டுவது?

இன்னொரு வகை வீடும் இருக்கிறது. பெரியவர்கள் இரண்டு பேர், கூட ஒரு நாய். வருடத்தில் மூன்று மாதம் பேரன் பேத்தியைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். மூன்றாவது வகை, செக்காலை, கழனிவாசல் பக்கத்துப் புது வீடுகள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நாய் தனிமரம்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்ததில் பழகிய குட்டிகள் பல. பிறகு ஆபீஸ் திறந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அதற்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

கால்நடை மருத்துவர்கள் இதைப் 'பிரிவுப் பதற்றம்' என்கிறார்கள். 'இது என்ன புதுக்கதை! நாய்க்கெல்லாம் பதற்றமா?' என்று சிரிக்க வேண்டாம். ஆள் வெளியே போன சில நிமிடங்களிலேயே ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் முதல் அரை மணி நேரம்தான் உச்சம். விடாமல் குரைக்கும், ஊளையிடும், மூச்சு வாங்க இங்கும் அங்கும் நடக்கும், எச்சில் ஒழுகும். நன்றாகப் பழகிய நாய்கூட நடுவீட்டில் சிறுநீர் கழித்துவிடும். முக்கியமாக, நீங்கள் வெளியேறிய கதவையும், அதன் பக்கத்து ஜன்னலையும்தான் பிறாண்டும். பர்மா தேக்குக் கதவில் ஒரு முழ உயரத்துக்கு நகக் கீறல் விழுந்திருக்கிறதே, அது வேலைக்காரர் சொல்வதுபோல் 'கொழுப்பு' இல்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தாலும் பிறாண்டலை நிறுத்தாத நாய்கள் உண்டு. கொழுப்பெடுத்த எந்தப் பிராணி தன் நகத்தைப் பிய்த்துக்கொள்ளும், சொல்லுங்கள்!

இன்னொரு அடையாளம், தட்டு. வைத்த சோறு வைத்தபடி கிடக்கும். வீட்டு ஆள் திரும்பி வந்த அடுத்த நிமிடம் அத்தனையும் காலி! 'ஆச்சி, நீங்க போன அன்னைலேருந்து ஒரு பருக்கை தொடலை. அப்படி ஒரு அடம்!' என்று காவல்காரர் போனில் சொல்வார். அது அடமல்ல. பயந்துபோன உடம்புக்குப் பசி தெரியாது. பரீட்சை அன்று காலையில் நம் பிள்ளைகளுக்கு இட்லி இறங்குகிறதா?

இதில் அக்கம்பக்கத்தார் பங்கு தனி. ராத்திரியில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து நாய் ஊளையிட்டால், 'எமன் வர்றது அதோட கண்ணுக்குத் தெரியுது' என்பார்கள். அடுத்த வாரம் தெருவில் எண்பது வயதுக்காரர் யாராவது காலமாகிவிட்டால் போயிற்று, பழி முழுக்க நாய் தலையில்! அதன் கண்ணுக்கு எமனும் தெரியவில்லை, கிங்கரரும் தெரியவில்லை. விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கப் பெட்டியோடு போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரிகிறது.

சிரிக்கிற விஷயம் இதோடு முடிந்தது. இனி வருவது உயிர் சம்பந்தப்பட்டது.

எச்சில் ஒழுகுகிறது, கதவைக் கடிக்கிறது, ஊளையிடுகிறது... இதைப் பார்த்து 'வெறி பிடிச்சிடுச்சு' என்று முடிவு கட்டிக் கம்பைத் தூக்கினால் அந்த நாயின் கதை அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பிரிவுப் பதற்றம் உள்ள நாய் வீட்டு ஆள் வந்ததும் அடங்கிவிடும், தண்ணீர் குடிக்கும், சாப்பிடும், வாலாட்டும். வெறிநோய் ஆளைப் பார்த்து விலகாது. அதற்காக நீங்களே பரிசோதனையில் இறங்கிவிடாதீர்கள். வருடா வருடம் தடுப்பூசி போட்ட அட்டை கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும். அட்டையும் இல்லை, சந்தேகமும் இருக்கிறதென்றால் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம். கடிபட்டவர்கள் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காயத்தைக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.

திரும்பி வந்து நாயை அடிக்கிறார்களே, அதைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். 'பாருங்க, தப்புப் பண்ணினது தெரிஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது!' என்பார்கள். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயையும் எஜமானர் அதட்டினால் அதே குற்றவாளி முகம்தான் வந்தது! ஆக, அந்த முகம் செய்த காரியத்துக்கானது அல்ல. எதிரில் நிற்கும் உங்கள் கோபத்துக்கானது. காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணைக்கும், மாலை ஆறு மணிக்கு விழும் அடிக்கும் நாயின் மூளை முடிச்சுப் போடாது. 'இவங்க போனாலும் பயம், வந்தாலும் அடி' என்றுதான் பதியும். அடுத்த நாள் பதற்றம் இரட்டிப்பாகும். வைரவன்பட்டிக்குப் போய் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, வீட்டுக்கு வந்து அவர் வாகனத்தை எட்டி உதைப்பது என்ன பக்தியோ, எனக்குப் புரியவில்லை.

'எல்லாம் செல்லம் கொடுத்துக் கெடுத்தது. நாயை நாயா வளர்த்தா இதெல்லாம் வராது' என்பவர்களும் இருக்கிறார்கள். செல்லம் கொடுத்ததால் வரும் வியாதி இல்லை இது. ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கைமாறிய நாய், தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டி, திடீரென்று வீட்டு நடைமுறை மாறிப்போன நாய், இவற்றுக்கெல்லாம் வரலாம். முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டு மாதமாவது தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்து வரட்டும். 'தெருநாய்க்கு இதெல்லாம் வருதா?' என்றும் கேட்பார்கள். தெருநாய்க்குத் தெருவும் கூட்டாளிகளும் இருக்கின்றன. பூட்டு என்பது நாம் போட்டது.

ஜப்பானில் ஹச்சிகோ என்ற நாயின் கதை உலகப் பிரசித்தம். டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் தினமும் எஜமானரை எதிர்கொள்ளும். 1925-ல் அவர் வேலை செய்த இடத்திலேயே இறந்துபோனார். நாய்க்கு அது தெரியாது. 1935-ல் தான் சாகும்வரை அந்த நிலையத்துக்கு வந்து காத்திருந்தது. அது உயிரோடு இருக்கும்போதே, 1934-ல், சிலையும் வைத்துவிட்டார்கள். அதே ஜப்பானில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, நாயும் எஜமானரும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் சுரப்பு கூடுகிறது என்று சொன்னது. தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை முடிச்சுப் போடும் அதே சுரப்பு. ஹச்சிகோவை 'நன்றியுள்ள நாய்' என்று புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். காத்திருக்கும் நாயின் நன்றியைக் கும்பிடுகிற நமக்கு, அதன் கஷ்டம் கண்ணில் படுவதில்லை. இத்தனைக்கும் காத்திருப்பது என்றால் என்னவென்று செட்டிநாட்டுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்கப் போன ஆண்பிள்ளைகள் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை வீட்டைக் கட்டிக் காத்த பெண்கள் வாழ்ந்த முற்றங்கள் இவை. அவர்களுக்காவது கடிதாசி வந்தது!

சரி, என்ன செய்யலாம்? தினமும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஒரு வழி, மாதக் கணக்கில் ஊருக்குப் போகும் வீட்டுக்கு வேறு வழி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல்.

தினமும் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஒரு பழைய செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, நாய் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போவது. போர் அடித்துச் செருப்பைக் கடிக்கிறதா, தவித்துக் கதவைப் பிறாண்டுகிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். போர் அடிக்கிற நாய்க்குக் காலையில் ஒரு நல்ல நடை போதும். சிறுநீர் விஷயம் மட்டும் இருந்தால், நீர்த்தாரையில் தொற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள். வயதான நாய்க்குக் கண், காது மங்கினாலும் தனிமை பயமுறுத்தும்.

தவிக்கிற நாய் என்று தெரிந்துவிட்டால் நீங்கள் செய்ய வேண்டியது, பொறுமையான ஒரு நாடகம். நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்பதை நாய் எதைவைத்துக் கண்டுபிடிக்கிறது? சாவிக்கொத்து சத்தம், ஹேண்ட்பேக், பவுடர் வாசனை, பரணிலிருந்து இறங்கும் சூட்கேஸ். சாவியை எடுங்கள், எடுத்துவிட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் காபி போடுங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை! ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஒரு வாரம் பத்து நாள். 'சாவி எடுத்தா போயிடுவாங்க' என்ற கணக்கு நாயின் மனதில் மெல்லக் குழம்பிப் போகும்.

அடுத்தது கதவு. வெளியே போய்க் கதவைச் சாத்தி ஐந்தே விநாடியில் உள்ளே வாருங்கள். பிறகு பத்து விநாடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம். நாய் பதறுவதற்கு முன்னால் நீங்கள் திரும்பிவிட வேண்டும், சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பதறியபிறகு வந்தால் பாடம் வீண். ஐந்து நிமிடம் தாங்கவில்லையென்றால் மூன்றுக்கு இறங்குங்கள், வெட்கமில்லை. முதல் நாற்பது நிமிடத்தைக் கடப்பதுதான் மலை. ஒன்றரை மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருக்கிற நாய், பொதுவாக அரை நாளும் தாங்கிவிடும். இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களில் அதை முழுசாகத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு ஐயா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தால்கூடப் போதும்.

போகும்போது கட்டிப்பிடித்து, 'அம்மா போயிட்டு வரட்டுமாடா செல்லம்' என்று கண்ணைக் கசக்குகிற காட்சி வேண்டாம். வரும்போதும் ஆரவாரம் வேண்டாம். சாதாரணமாகப் போங்கள், சாதாரணமாக வாருங்கள், அது தரையில் நாலு காலும் ஊன்றி நின்றதும் தடவிக் கொடுங்கள்.

கிளம்பும்போது ஏதாவது தின்னக் கொடுப்பது நல்ல பழக்கம். உள்ளே துளையுள்ள கெட்டி ரப்பர் பொம்மைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் தயிர்சாதத்தை அடைத்துக் கொடுத்தால் இருபது நிமிடம் நக்கிக்கொண்டிருக்கும். அதற்காக நேற்றைய செட்டிநாட்டுக் கோழிக் குழம்பை வழித்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூண்டும் அப்படியே. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை இரண்டும் ஆகாது.

கூண்டில் பூட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. கூண்டைத் தன் படுக்கையாக ஏற்றுக்கொண்ட நாய்க்குச் சரி. பதறுகிற நாயை அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடுமா? அதற்கும் உறுதி கிடையாது. அது தேடுவது உங்களை. இரண்டு நாயும் சேர்ந்து ஊளையிட்டால் தெரு தாங்காது!

சித்திரை, வைகாசியில் இன்னொரு ஆபத்து. பதற்றத்தில் மூச்சிரைத்துச் சுற்றும் நாய்க்குக் காற்றில்லாத அறையில் வெப்பத்தாக்கு வர அதிக நேரம் ஆகாது. மொட்டை மாடியில் கட்டிவிட்டுப் போவது கொலைக்குச் சமம். வளவின் நிழலில், கவிழ்க்க முடியாத கனமான சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

பயிற்சி மட்டும் போதாத நாய்களுக்கு மருந்தும் இருக்கிறது. குளோமிப்ரமைன் என்ற மருந்தை இந்தப் பிரச்னைக்கென்றே 1998-லும், ஃப்ளூவாக்ஸெடினை 2007-லும் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதித்தார்கள். இரண்டும் மனிதர்களின் மனச்சோர்வுக்குக் கொடுப்பவைதான். நாலிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும், அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவரின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

இனி, மாதக் கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள். மூன்று மாதத்துக்கு எந்தப் பயிற்சியும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். நாய்க்கு வேண்டியது இன்னொரு மனிதர். காவல்காரர் இருக்கிறாரே என்கிறீர்களா? அவர் நாய்க்கு யார்? தட்டை வைத்துவிட்டுக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போகும் ஆள். நீங்கள் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்தே ஒரு வேளைச் சோற்றையும் மாலை நடையையும் அவர் கையில் ஒப்படையுங்கள். கடைசி வாரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே இரவு அவர் முகப்பில் படுக்கட்டும். இரண்டு நாள் எங்காவது போய்ப் பாருங்கள். நாய் சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு டிக்கெட் போடுங்கள். இந்த ராஜபாளையம் வகை நாய்கள், 2005-ல் அஞ்சல்தலையிலேயே ஏறிய பெருமைக்குரியவை, சட்டென்று புது ஆளிடம் ஒட்டாது. அவற்றுக்கு இன்னும் அவகாசம் வேண்டும்.

'ஒரு நாய்க்காக மூணு வாரமா!' என்று மலைப்பவர்கள் இதே சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியை நினைத்துப் பார்க்கலாம். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது. சொந்தமில்லாத பறவைக்காக ஊரே பண்டிகையைச் சுருக்கிக்கொள்கிறது.

கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் ரயிலில் வழி உண்டு. ஏ.சி. முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் உங்கள் பெயரில் எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டுதான். பதறுகிற நாயை ராத்திரி முழுக்க அந்தக் கூண்டில் தனியே அனுப்புவதை நான் சொல்ல மாட்டேன். அதைவிட வாடகைக் கார் மேல்.

பூட்டிய வீட்டுக்குக் காவல் என்று சொல்லி வருடம் முழுக்க நாயைச் சங்கிலியில் போட்டு வைப்பவர்கள் 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நியாயமான அளவுக்கு நடக்க ஓட விடாமல் இருப்பது 11-வது பிரிவில் குற்றம். நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டுவதும் குற்றம்தான். அபராதம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். முதல் தடவைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாதபடி வைத்த சட்டம் அது! ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூடக் காணாது. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. என் கருத்தைக் கேட்டால், வருடத்தில் ஆறு மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு நாயே கூடாது. நல்ல பூட்டும், ஒரு கேமராவும், நம்பிக்கையான ஆளும் போதும். கேமராவுக்கு ஏக்கம் வராது.

ஏற்கெனவே நாய் இருக்கிறது, கிளம்பியும் ஆக வேண்டும் என்பவர்கள், பார்த்துக்கொள்கிறவருக்கு வீடு பெருக்கும் சம்பளத்தோடு நாய்க்கென்று தனியாக ஒரு தொகையைப் பேசிக் கொடுத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். கால்நடை டாக்டரின் போன் நம்பரை அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். டாக்டர் செலவுக்கென்று ஓர் ஆயிரம் ரூபாயாவது அவர் கையில் முன்பணமாக இருக்கட்டும். நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றால் உங்களுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.